சூடத் தட்டை உதைத்த கால்

தாழஞ்சேரி காவல் நிலைய ஆய்வாளர் அவர்கள் முன்பாகக் கொடுப்பது.

பெயர் மணவாளன். தகப்பனார் பெயர் தட்சிணாமூர்த்தி, காலமாகிவிட்டார். வயது ஐம்பத்து நான்கு. இருப்பிடம் திரௌபதியம்மன் கோயில் தெரு, தாழஞ்சேரி, சிதம்பரம் வட்டம், கடலூர் மாவட்டம். படிப்பு பத்தாம் வகுப்பு. அதை மூன்று தடவை எழுதியவன் என்பதால் மற்றவர்களைவிட ஜாஸ்தி படித்தவன் என்றும் வைத்துக்கொள்ளலாம். தொழில் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுவது. கடையின் பெயர் மலர்க்கொடி ஒலி ஒளி அமைப்பு. மலர்க்கொடி என்பது என் மனைவி.

மேற்படி நான் சுயநினைவோடு என் கைப்பட எழுதிக் கொடுப்பது என்னவென்றால், சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் அம்பேத்கர் தெரு முனையில் திரௌபதியம்மன் சூடத் தட்டைக் காலால் எட்டி உதைத்து பக்தர்கள் மனதைப் புண்படுத்தியதாக எங்கள் ஊர்த் தலைவர் செந்தமிழ்செல்வன் புகார் கொடுத்து, அதன்பேரில் அம்பேத்கர் தெரு சார்லஸ் என்பவரைக் கைது செய்து கடலூர் கேப்பர் மலை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கில் முதல் சாட்சி என்று என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டுப் போடவில்லை. நேற்று நான் வந்து வாயால் சொன்னேன். நான் வெகுநேரம் சொன்னதை ஏட்டய்யா நாலு வரியில் எழுதி வாசித்துக் காட்டினார். அதில் ஊர் இருந்தது, கோயில் இருந்தது, நான் சொன்னது மட்டும் இல்லை. அதனால் இன்று பேப்பரும் பேனாவும் நானே வாங்கிக்கொண்டு வந்து இங்கே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் பிழை இல்லை.

என் மகள் இலக்கியா, வயது இருபத்து நான்கு, எங்களுக்கு ஒரே பிள்ளை. சிதம்பரத்தில் எம்.ஏ. பொருளாதாரம் வரை படித்தவள். வீடு நிறைய மைக் இருந்தும் சின்ன வயதில் ஒரு நாளும் தொட்டதில்லை. ஏம்மா என்று கேட்டால், "எச்சி நாத்தம் அடிக்குதுப்பா" என்பாள். ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் வாயை ஒட்ட வைத்துப் பேசிய மைக், ஆகவே அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அவள் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும்போது, சிதம்பரத்திலிருந்து சாயங்காலம் கடைசியாக எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸை வசூல் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு வகுப்பு முடிய நேரமாகும் பெண்பிள்ளைகள் கிள்ளை ரோட்டுக் கைகாட்டியில் இறங்கி இருட்டில் நடந்து வரவேண்டியதாயிற்று. அதன் பிறகு எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகப் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினார்கள். நானும் நிறுத்திவிடலாம் என்று மலர்க்கொடியிடம் சொன்னேன். "நின்னது பஸ்ஸு. அத போயி கேக்காம புள்ளய ஏன் நிறுத்தற?" என்றாள். நான் யாரையும் போய்க் கேட்கவில்லை. கல்யாண சீசன், வேலை அதிகம்.

நான் கேட்காததை என் மகள் கேட்டாள். மாணவர் சங்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சங்கத்தில் அப்போது செயலாளராக இருந்தவர்தான் மேற்படி சார்லஸ். அவளுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர். மறியல் செய்ததாக அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். ஆனால் பஸ் திரும்ப வந்தது. இன்றுவரை ஓடுகிறது. புகார் கொடுத்திருக்கிற செந்தமிழ்செல்வனின் மகளும் தினமும் அதே பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருகிறாள் என்பதை ஆய்வாளர் அவர்கள் குறித்துக்கொள்ளவும்.

அதன் பிறகு ஒரு நாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆர்ப்பாட்டம், மைக் செட் வேண்டும் என்று போனில் ஆர்டர் வந்தது. யார் என்ன என்று நான் கேட்கவில்லை, எந்த நாளும் கேட்டதில்லை. தொழில் வேறு, கட்சி வேறு என்பது என் கொள்கை. அது ஒன்றுதான் அதுவரைக்கும் என்னிடம் இருந்த கொள்கை. குட்டியானை வண்டியில் செட்டை ஏற்றிக்கொண்டு போய்க் கட்டி முடித்து ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்துப் பேசுவார் என்று ஒரு பெயரைச் சொன்னார்கள். என் மகள் வந்து மைக்கைப் பிடித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு வால்யூம் திருகை எங்கேயோ திருப்பிவிட்டேன், செட் கீச்சென்று கத்தியது. போலீஸ்தான் ஏதோ செய்கிறது என்று பிள்ளைகள் கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். இலக்கியா மட்டும் திரும்பிப் பார்த்து, "அப்பா, சவுண்ட கொஞ்சம் கொற" என்று மைக்கிலேயே சொன்னாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு ஸ்காலர்ஷிப் வராமல் படிப்பை விட்டவர்களைப் பற்றி அவள் பேசினாள். சிரித்தவர்களில் ஒருவர்கூட அதன் பிறகு சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், "எச்சி நாத்தம் கொறஞ்சிருக்குப்பா" என்று மட்டும் சொன்னாள். மைக்கின் பஞ்சை முதல் நாள்தான் மாற்றியிருந்தேன்.

படிப்பு முடிந்த பிறகு சேத்தியாத்தோப்பு பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போனாள். பஸ் மறியல் வழக்கு இருப்பது தெரிந்ததும், இனிமேல் சங்கத்தோடு சகவாசம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லச் சொன்னார்கள். சொல்லாமல் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். டப்பாவில் சாப்பாடு அப்படியே இருந்தது. நான் சத்தம் போட்டேன். அதன் பிறகு கட்சியில் சேர்ந்தாள். சிவப்புக் கொடிக் கட்சி. நூறு நாள் வேலைக்குக் கூலி பாக்கி, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைகிறது என்று காட்டுமன்னார்கோயில் வரைக்கும் ஸ்கூட்டியில் போவாள், வருவாள். சுற்றுப்பட்டு ஊரில் அவளை மைக் செட்டுப் பொண்ணு என்பார்கள். இப்போது என்னை இலக்கியா அப்பா என்கிறார்கள்.

இந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது எங்கள் ஊரில் வழக்கம்போல் கோயிலில் கூட்டம் போட்டார்கள். வழக்கம் என்னவென்றால், ஊர் கூடி ஒருவரை முடிவு செய்யும், வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை வந்து அம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, ஊர் சொன்னவருக்கே என் வீட்டு ஓட்டு என்று சத்தியம் செய்ய வேண்டும். இந்தத் தடவை ஒன்றியக் கவுன்சிலருக்கு சுப்பிரமணியன் என்று முடிவானது. ரோடு கான்ட்ராக்டர். கோயில் கும்பாபிஷேகத்தைத் தானே நடத்தித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவர் போட்ட ரோட்டில் தினமும் செட்டை ஏற்றிக்கொண்டு போகிறவன் நான், என் ஸ்பீக்கர்களைக் கேட்டால் சொல்லும். ஒவ்வொரு வீட்டுக்காரரையும் மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை, எங்கள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். எல்லாரையும் கூப்பிட்டு முடித்து, கடைசியில் மணவாளன் என்று என் பெயரை நானே மைக்கில் கூப்பிட்டு, இதோ வந்துவிட்டேன் என்று நானே மைக்கில் பதிலும் சொல்லி, போய்ச் சூடத்தை அடித்துவிட்டு வந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் கட்சி அதே ஒன்றியக் கவுன்சிலருக்கு இலக்கியாவை நிறுத்துவதாக அறிவித்தது. சார்லஸ்தான் அவளை முன்மொழிந்தவர், தேர்தல் ஏஜென்டும் அவர்தான். வீட்டில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

"சூடம் அடிச்சிட்டு வந்துட்டேம்மா" என்றேன்.

"யாருக்குப்பா அடிச்ச?"

"ஊருக்கு."

"ஊருன்னா யாரு? அம்பேத்கர் தெருவுல யார கூப்ட்ட?"

"அவுங்கள எப்பம்மா கூப்ட்டிருக்கோம்? அவுங்கதான் கோயிலுக்கே..." என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

மலர்க்கொடி அடுப்படியிலிருந்து, "அவுங்கள வுடு. என் பேர போர்டுல எழுதி லைட்டு போட்டு வச்சிருக்கியே, என் பேர கூப்ட்டியா?" என்றாள்.

"பொம்பளைங்க எதுக்குடி சூடம் அடிக்கணும்?"

"அப்ப நான் சத்தியம் பண்ணல. என் ஓட்டு என் இஷ்டம்."

இலக்கியா எழுந்து போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். என்னை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவள் பிரச்சாரம் அதுதான். போகிற இடமெல்லாம் பெண்களிடம், "நீங்க யாருக்கும் சத்தியம் பண்ணல, உங்கள யாரும் கூப்புடவே இல்ல. கூப்புடாதவங்க ஓட்டு எனக்கு" என்று கேட்டாள். அம்பேத்கர் தெருவிலும் அதையே கேட்டாள். எங்கள் ஊரில் சத்தியம் செய்யாதவர்கள்தான் அதிகம் என்பது இத்தனை வருஷமாக மைக்கில் கத்திய எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செந்தமிழ்செல்வனுக்கும் தெரிந்துவிட்டது. அவர் மலர்க்கொடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மச்சான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் செய்தார்.

"மச்சான், சாயங்காலம் வண்டிய எடுத்துக்கிட்டு வா. பொம்பளைங்களும் சூடம் அடிக்கப்போறாங்க. தட்டு தெருத்தெருவா வருது. நீ பேரு கூப்புடணும்."

"என் பொண்ணு நிக்கிறாளே மச்சான்."

"தொழில் வேற, கட்சி வேறன்னு நீதான ஊருக்கெல்லாம் சொல்லுவ?"

நான் அப்படித்தான் சொல்லுவேன். அதனால் வண்டியை எடுத்தேன். மலர்க்கொடி வாசலில் நின்று, "போ. போயி நல்லா சத்தமா கூப்புடு" என்றாள்.

முதலில் எங்கள் தெரு. பாதி வீட்டில் பூட்டுத் தொங்கியது. அத்தனை பெண்களும் ஒரே சாயங்காலம் எந்த ஊர் விசேஷத்துக்குப் போனார்கள் என்று தெரியவில்லை, எந்த விசேஷத்துக்கும் என்னிடம் மைக் செட் ஆர்டர் வரவில்லை. இருந்தவர்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு வந்து அடித்தார்கள். என் வீட்டு வாசலில் தட்டு நின்றபோது மலர்க்கொடி என்று கூப்பிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பெயரை வாய்விட்டுக் கூப்பிட்டது அன்றுதான். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, "அது கடைக்கு வச்ச பேரு. கடைய வந்து அடிக்கச் சொல்லு" என்றாள். அவளுக்கு அண்ணன் முறை என்பதால் செந்தமிழ்செல்வன் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டை நகர்த்தச் சொன்னார்.

அதன் பிறகு அம்பேத்கர் தெருவுக்குப் போனோம். தட்டோடு வந்த பூசாரி தெருவுக்குள் வரமாட்டேன் என்று முனையிலேயே நின்றுவிட்டார். எங்கள் தெருவில் ஸ்டூல் போட்டு அதன்மேல் வைத்த தட்டை இங்கே ஒரு செங்கல்லின்மேல் வைத்தார்கள். கோயிலுக்குள் வராதவர்களுக்காக அம்மனே தெருமுனைக்கு வந்திருக்கிறாள் என்று மைக்கில் சொல்லச் சொன்னார் தலைவர். நான் சொன்னேன். அதைச் சொன்ன வாய் இந்த வாய்தான். அதன் பிறகு அவர் சொன்ன முதல் பெயரைக் கூப்பிட்டேன். ஆரோக்கியம்மாள். சார்லஸின் தாயார். நூறு நாள் வேலைக்கும் அறுவடைக்கும் போகிறவர், எங்கள் நிலத்திலும் நாற்று நட்டவர். அந்தத் தெருவிலிருந்து ஒரு பெயரை நான் மைக்கில் கூப்பிட்டதும் அதுதான் முதல் தடவை.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தட்டைப் பார்த்தார். "நான் வேளாங்கண்ணி மாதாகிட்ட முடி குடுக்கறவ. ஒங்க சூடத்துல எனக்கு இன்னாப்பா வேல?" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "எந்தச் சாமியா இருந்தா இன்னா, சூடம் சூடந்தான்" என்று செந்தமிழ்செல்வன் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தட்டின்மேல் வைத்து அழுத்தினார்.

சூடத்தைப் பட்டென்று அடித்துக் கையை எடுத்தால் சுடாது. நானும் அடித்தவன், தெரியும். அழுத்திப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டிக்கொண்டு எரியும். அந்த அம்மாள் கத்தவில்லை. "வுடுப்பா, சுடுது. வுடுப்பா" என்று, அடுப்படியில் குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னார். தலைவர் விடவில்லை. "சுப்பிரமணியத்துக்கு ஓட்டுன்னு சொல்லு, வுடறேன்" என்றார். இது எல்லாம் என் கையிலிருந்த மைக்கில் விழுந்து ஊருக்கே கேட்டது.

அப்போது தெருவுக்குள் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் மகளும் சார்லஸும் ஓடி வந்தார்கள். சார்லஸ் தன் தாயாரின் கையைப் பிடுங்கி விடுவித்து, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல், யார்மேலும் கை வைக்காமல், அவரைத் தெருக்குழாய்க்கு அழைத்துக்கொண்டு போனார். குழாய் சம்பவ இடத்திலிருந்து நாலு வீடு தள்ளி. இலக்கியா தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "மாமா, இது தேர்தல் குத்தம். எடுத்துக்கிட்டு போயிடுங்க" என்றாள். "யாருகிட்ட சட்டம் பேசற? ஒங்கப்பனே சூடம் அடிச்சவன்" என்றார் அவர். தட்டோடு வந்திருந்த சுப்பிரமணியனின் ஆட்கள் இரண்டு பேர் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். என் வண்டியின் பின்கதவு விளிம்பில் மோதி என் காலடியில் விழுந்தாள். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

தலைவர் குனிந்து, தள்ளுமுள்ளில் சாய்ந்த தட்டை நிமிர்த்தி, புதுச் சூடம் வைத்துக் கொளுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பேர கூப்புடு மச்சான். அடுத்த பேர கூப்புடு" என்றார்.

என் மகள் கீழே கிடக்கிறாள். அடுத்த பெயரைக் கூப்பிடு என்கிறார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. நான் கூப்பிடுவேன் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றி என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று எனக்கும் அந்த நிமிஷம்வரைக்கும் எண்ணம்.

மைக்கை வண்டித் தட்டில் வைத்தேன். அணைக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நடந்து போய், என் வலது காலால், செருப்பைக் கழற்றாமல், அந்தத் தட்டை எட்டி உதைத்தேன். தட்டு சாக்கடைக் கட்டையில் பட்டு உருண்டது. அந்தச் சத்தம் மைக்கில் விழுந்து நாலு ஸ்பீக்கர் பாக்ஸிலும் கேட்டது. நான் தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து என் செட்டில் அவ்வளவு சுத்தமாக ஒரு சத்தம் வந்ததில்லை.

அதன் பிறகு நடந்ததை ஆய்வாளர் அவர்கள் தயவுசெய்து இரண்டு தடவை படிக்கவும். உதைத்தவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஓடவில்லை. ஓடுகிற உடம்பும் இல்லை. என்னை ஒருவரும் தொடவில்லை. என் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கீழே போட்டு உடைத்தார்கள், பாக்ஸைக் கிழித்தார்கள். என்னை அடிக்க மனசு வரவில்லை, நான் பங்காளி, மாமன், மச்சான். அதன் பிறகு "சாமியையா உதைக்கிறீங்க" என்று கத்திக்கொண்டு நாலு வீடு தாண்டி ஓடிப்போய், குழாயடியில் தாயார் கையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சார்லஸை அடித்தார்கள். அவர் ஒரு கையால் தாயாரின் கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டே அடி வாங்கினார். என் கால் உதைத்ததற்கு அவர் முதுகு. இதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஊரே பார்த்தது. அதன் பிறகு ஜீப் வந்தது. யாரை ஏற்றினார்கள் என்பது தங்களுக்கே தெரியும். நானே உதைத்தேன், என்னை ஏற்றுங்கள் என்று ஜீப்பைத் தட்டித் தட்டிச் சொன்னேன். வந்த காவலர், "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்றார். ஆரோக்கியம்மாள் கை வெந்ததற்கு இன்றுவரை எந்த வழக்கும் இல்லை. என் மகளுக்குத் தையல் போட்டதற்கும் இல்லை.

மறுநாள் செந்தமிழ்செல்வன் என் வீட்டுக்கு வந்தார். கூட உதவி ஆய்வாளரும் சாதா உடையில் வந்திருந்தார். காபி கேட்டார்கள். மலர்க்கொடி தண்ணீர் வைத்தாள்.

"மச்சான், கோவத்துல என்னமோ நடந்துபோச்சு. ஒன் காலு அதுல படவே இல்ல. சார்லஸ் காலுன்னுதான் ஊரே சொல்லுது. நீயும் சொல்லிடு. பாப்பா பேரு கேஸ்ல வராது, அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

"நான்தான உதைச்சேன். நீ எதிர்லயே நின்னு பாத்தியே மச்சான்" என்றேன்.

"பாத்தேன். அதனாலதான் வந்து சொல்றேன்" என்றார்.

அதன் பிறகு உதவி ஆய்வாளர் அவர்கள், "நம்ம ஊரு ஆளே நம்ம சாமிய உதைச்சான்னு எழுதினா ஊருக்கு அசிங்கம். பொண்ணும் எலெக்‌ஷன்ல நிக்குது. சாமிய உதைச்சவன் பொண்ணுன்னா எவன் ஓட்டு போடுவான்?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. அன்றைக்கு முழுவதும் நான் அதைத்தான் யோசித்தேன். நான் உண்மையைச் சொன்னால் மகள் தோற்கலாம். சொல்லாவிட்டால் சார்லஸ் உள்ளே இருப்பார், அவள் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். இலக்கியாவையே கேட்டேன். கண்ணில் கட்டோடு நோட்டீஸ் மடித்துக்கொண்டிருந்தவள், "அப்படி ஜெயிச்சி நான் எந்தத் தெருவுல போயி நன்றி சொல்றதுப்பா?" என்றாள். அடுத்த நோட்டீஸை எடுத்து மடித்தாள்.

சாயங்காலம் ஆரோக்கியம்மாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். மலர்க்கொடி உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "பாப்பாவுக்குத் தையல் எப்பப் பிரிப்பாங்க?" என்று கேட்டார். கடலூர் போய் மகனைப் பார்த்துவிட்டு அப்படியே வந்திருக்கிறார். மகனைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது என் உடைந்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து, "இது சரியாவுமா சார்?" என்றார். என்னைவிட மூத்தவர், என்னைப் போய் சார் என்கிறார்.

அதனால் நேற்று இங்கே வந்து சொன்னேன். சொன்னது நாலு வரியான கதையை மேலே எழுதிவிட்டேன். நான் கையெழுத்துப் போட மறுத்ததும் உதவி ஆய்வாளர் அவர்கள் இரக்கப்பட்டு இன்னொரு வழி சொன்னார். சார்லஸ் என்று சொல்ல மனசு வரவில்லையென்றால், மைக் ஒயர் காலில் தடுக்கித் தட்டு சாய்ந்துவிட்டது என்று எழுதிவிடலாம், யார்மேலும் குற்றமில்லை, எல்லாருக்கும் நல்லது என்றார். நல்ல யோசனைதான். வீட்டில் சொன்னேன். "ஒயர் தடுக்கி வுழறவன எவன் மைக் செட்டுக்குக் கூப்புடுவான்?" என்றாள் மலர்க்கொடி.

ஆகவே தெளிவாக எழுதுகிறேன். ஒயர் தடுக்கவில்லை. கால் தவறவில்லை. குடித்திருக்கவில்லை. யார் தூண்டியும் செய்யவில்லை. என் மகள் அப்போது கண்ணில் ரத்தத்தோடு கிடந்தாள், தூண்டும் நிலையில் இல்லை. நான் பார்த்து, நடந்து போய், வேண்டுமென்றே உதைத்தேன். அம்மன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பொம்பளையின் கையைப் பொசுக்குவதற்கு அம்மன் பெயரைக் கொண்டுவந்து செங்கல்மேல் வைத்தவர்மேல்தான் கோபம். அந்தக் கோபம் இதை எழுதும்போதும் இருக்கிறது, அதனால்தான் பேனா அங்கங்கே பேப்பரைக் கிழித்திருக்கிறது. நான் அடித்த சத்தியத்தைப் பற்றி அம்மனிடம் நானே பேசிக்கொள்கிறேன். அவள் இதுவரை புகார் கொடுக்கவில்லை. என் ஓட்டு என் மகளுக்கு. போலீசில் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று கட்சி வக்கீல் சொன்னார். செல்லாவிட்டால் சிதம்பரம் கோர்ட்டிலும் வந்து இதையே சொல்வேன். மைக் இல்லாவிட்டாலும் எனக்குக் குரல் உண்டு.

எனவே மேற்படி சார்லஸை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மாற்று வேட்டி, சர்க்கரை மாத்திரை எல்லாம் பையில் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே பெஞ்சில்தான் இருக்கிறேன், ஜீப் வேண்டாம், கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

இதில் கண்டவை யாவும் நான் கண்ணால் பார்த்ததும் காலால் செய்ததும் ஆகும். முழுவதும் திரும்பப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. என்னை யாரும் மிரட்டி இதை எழுதி வாங்கவில்லை. மிரட்டியவர்கள் எல்லாரும் வேறு மாதிரி எழுதச் சொல்லித்தான் மிரட்டினார்கள்.

(ஒப்பம்)
த. மணவாளன்
தாழஞ்சேரி